பழைய ரவுட்டரை வைத்து மாடி வரை வைஃபை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாலில் ஃபைபர் மோடம் இருக்கிறது. மாடி அறையில் வைஃபை ஒரு கோடுதான் காட்டுகிறது. பரணில் பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. இந்த மூன்றும் உள்ள வீடுகளுக்காக எழுதியது இது. வீடு முழுக்கச் சிக்னல் பரப்பும் பல பெட்டித் தொகுப்பான மெஷ் செட்டைப் புதிதாக வாங்கக் கிளம்பும் முன் இதைச் செய்து பாருங்கள். பல வீடுகளில் ஒரு நெட்வொர்க் கேபிள் வாங்கும் செலவோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

பழைய ரவுட்டரால் உண்மையிலேயே பயன் உண்டா?

நிச்சயம் உண்டு. ரவுட்டர் என்று நாம் சொல்லும் பெட்டி மூன்று வேலைகளைப் பார்க்கிறது. வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. கேபிளில் இணைந்த கருவிகளை ஒன்றோடொன்று பேச வைக்கிறது. வைஃபை சிக்னலை அனுப்புகிறது. இதில் முதல் வேலையை ஹாலில் உள்ள மோடமே பார்த்துக்கொள்ளும். பழையதிடம் நாம் கேட்பது மற்ற இரண்டையும்தான், அதற்குப் பத்து வருடப் பழைய பெட்டியே போதும். இப்படிப் பயன்படும் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் என்பார்கள்.

மாடியில் மட்டும் ஏன் சிக்னல் இவ்வளவு மோசம்?

நம் வீடுகளின் கான்கிரீட் தளம்தான் முதல் காரணம். உள்ளே கம்பி கட்டிய கான்கிரீட், வைஃபை அலையைப் பெருமளவு உறிஞ்சியும் திருப்பி அனுப்பியும் விடுகிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், கண்ணாடி பதித்த அலமாரி எல்லாம் அடுத்தடுத்த தடைகள். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானதுதான், ஆனால் சுவரைத் தாண்டும்போது 2.4 கிகாஹெர்ட்ஸை விட அதிகமாகத் தேய்ந்துபோகும். அதனால்தான் ஹாலில் பறக்கிற அதே போன் மாடியில் திணறுகிறது.

இன்னொரு காரணம் மோடம் இருக்கும் இடம். இணைப்பு கொடுக்க வந்தவர், ஒயர் உள்ளே நுழையும் ஜன்னல் பக்கத்திலேயே அதை மாட்டிவிட்டுப் போயிருப்பார். வீட்டின் ஒரு ஓரத்தில், டிவிக்குப் பின்னால், தரையோடு தரையாக இருந்தால் பாதி சிக்னல் தெருவுக்குத்தான் போகும். ஆகவே முதல் வேலையாக அதை உயரமான, திறந்த இடத்துக்கு, முடிந்தால் மாடிப்படிப் பக்கம் நகர்த்திப் பாருங்கள். படிக்கட்டுத் திறப்பு வழியாகச் சிக்னல் நன்றாகவே மேலே ஏறும். இது மட்டுமே சில வீடுகளுக்குப் போதுமானதாக இருக்கும், அப்புறம் இந்தப் பக்கத்தின் மீதி தேவைப்படாது.

எந்த மாதிரி பழைய ரவுட்டர் தேறும்?

2009-இல் வந்த 802.11என் வகையோ அதற்குப் பிந்தையதோ என்றால் தேறும். பெட்டியின் அடியில் உள்ள லேபிளில் என்150, என்300, ஏசி1200 என்கிற மாதிரி எழுதியிருக்கும். ஏசி என்று தொடங்கினால் 5 கிகாஹெர்ட்ஸும் இருக்கும், தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முந்தைய, 54 எம்பிபிஎஸ் என்று போட்ட 802.11ஜி வகையை விட்டுவிடுவது நல்லது.

தொலைபேசி ஒயரில் பிராட்பேண்ட் வந்த காலத்து ஏடிஎஸ்எல் மோடம் உங்களிடம் இருக்கிறதா? வைஃபை உள்ளது என்றால் அதுவும் உதவும். ஃபைபர் வந்த பிறகு பலரும் அதை மூலையில் போட்டுவிட்டார்கள். அதன் தொலைபேசி ஒயர் துளையைக் காலியாக விட்டுவிட்டு, நெட்வொர்க் கேபிள் செருகும் லேன் போர்ட்டுகளை மட்டும் பயன்படுத்தப் போகிறோம். ஒன்றை மட்டும் பாருங்கள்: சந்தாவை நிறுத்தும்போது நிறுவனத்திடம் திருப்பித் தர வேண்டிய பெட்டியாக அது இருக்கக் கூடாது.

கேபிள் இழுத்தே ஆக வேண்டுமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை நீங்கள் எடுத்துக்கொள்வதாக இருந்தால், அது இதுவாக இருக்கட்டும்: முடிந்தவரை கேபிள் இழுங்கள்.

கேபிள் இல்லாமல் பழைய ரவுட்டரை ரிப்பீட்டராக வைத்தால், ஒரே ரேடியோ கீழிருந்து வரும் தகவலைக் கேட்க வேண்டும், பிறகு அதையே மறுபடி சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய அதனால் முடியாது. வேகம் அங்கேயே பாதியாகிவிடும். போதாததற்கு, அது கேட்கும் சிக்னலும் தளத்தைத் தாண்டி வந்த பலவீனமான சிக்னல். போனில் கோடுகள் முழுதாகத் தெரியும், நெட் மட்டும் நகராது. வீடியோ கால் நடுவில் உறைந்து நின்றுவிடும்.

கேபிள் வந்துவிட்டால் இந்தக் கணக்கே மாறிவிடும். மாடியில் உள்ள பெட்டிக்கு முழு வேகமும் குறையாமல் வந்து சேர்கிறது, அதன் ரேடியோ உங்கள் போனிடம் மட்டும் பேசினால் போதும். கேபிளில் இணைந்த என்300 ஒன்று, கம்பியில்லாமல் தொடுத்த புத்தம் புதிய ரிப்பீட்டரை விட நிம்மதியான இணைப்பைத் தரும் என்று தைரியமாகச் சொல்வேன். விலை உயர்ந்த மெஷ் செட்டுகளுக்கும், இடையில் கேபிள் கொடுத்தால்தான் முழு பலம் வரும்.

என்ன கேபிள் வாங்குவது? எப்படிக் கொண்டுபோவது?

கேட் 5இ அல்லது கேட் 6. இரண்டுமே 100 மீட்டர் வரை 1000 எம்பிபிஎஸ் தாங்கும், எந்த வீட்டுக்கும் இது போதும். வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்பு பூசிய மலிவான கேபிள் கடைகளில் நிறைய வருகிறது. சுருள் இலேசாக இருக்கும், கம்பியின் நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வளைத்தால் சீக்கிரம் ஒடியும், நீளம் கூடினால் சிக்னலும் சொதப்பும். சுவருக்குள் ஒரு முறைதான் இழுக்கப் போகிறோம், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வழி தேடும்போது முதலில் பழைய தொலைபேசி ஒயரும் டிவி கேபிளும் போன பைப்பைப் பாருங்கள். வீடு கட்டும்போதே எலக்ட்ரீசியன் ஹாலிலிருந்து மாடிக்கு ஒரு பைப் விட்டிருப்பார். இப்போது அந்தத் தொலைபேசி ஒயருக்கு வேலை இல்லை என்றால், அதன் ஒரு முனையில் புதுக் கேபிளைக் கட்டி, மறுமுனையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் பழையது வெளியே வர, புதியது உள்ளே போய்விடும். சுவரை உடைக்க வேண்டாம், பெயிண்டும் கெடாது. கேபிளின் முனையில் பிளக் இல்லாமல்தான் பைப்பில் நுழைக்க முடியும், பிளக்கைப் பிறகு கிரிம்ப் செய்துகொள்ளலாம், அதாவது அதற்கான கருவியால் அழுத்திப் பொருத்தலாம். இரண்டு முனையிலும் நிற வரிசை ஒன்றாக இருக்க வேண்டும்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு.

கரண்ட் ஒயர் போகும் பைப்புக்குள் மட்டும் இதை நுழைக்காதீர்கள். இரைச்சல் கலப்பது ஒரு பக்கம், எங்காவது இன்சுலேஷன் உரிந்தால் 230 வோல்ட் உங்கள் லேப்டாப் வரை வந்துவிடும் ஆபத்து இன்னொரு பக்கம். பைப் எதுவும் இல்லை என்றால் படிக்கட்டுச் சுவரோரமாகப் பிளாஸ்டிக் பட்டி ஒட்டி அதற்குள் கொண்டுபோகலாம்.

சரி, செட்டிங் எப்படி?

மாற்ற வேண்டியவை மூன்று: பழையதன் முகவரி, முகவரி பங்கிடும் அதன் டிஹெச்சிபி, அதன் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும். நிதானமாக வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் பழையதை மின்சாரத்தில் போட்டு, பின்னால் உள்ள ரீசெட் துளையில் குண்டூசியை விட்டுப் பத்து, பதினைந்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து வரும். பழைய கணக்கின் பயனர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் இதில் அழிந்துவிடும்.

பிறகு ஒரு லேப்டாப்பைக் கேபிள் மூலம் அதன் லேன் போர்ட்டில் இணையுங்கள். இந்தக் கட்டத்தில் ஹால் மோடத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் வேண்டாம். பிரவுசரில் லேபிளில் உள்ள முகவரியைத் திறங்கள். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும்.

உள்ளே போனதும் வைஃபை பெயர், பாஸ்வேர்டை வையுங்கள், பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று இருக்கட்டும். டிகேஐபி என்ற பழைய வகையைத் தேர்ந்தெடுத்தால் பாதுகாப்பும் குறையும், வேகமும் 54 எம்பிபிஎஸ் தாண்டாது. பழைய ரவுட்டர் காரணமே இல்லாமல் மெதுவாக இருக்கிறது என்று புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அடுத்து லேன் முகவரி. ஹால் மோடம் 192.168.1.1 என்றால் பழையதற்கு 192.168.1.2 கொடுங்கள். முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும், கடைசி எண் மட்டும் மாற வேண்டும். ஹால் மோடத்தின் முகவரி தெரியாவிட்டால், போனில் வைஃபை விவரங்களைத் திறந்து கேட்வே என்ற இடத்தில் பாருங்கள். ஹால் மோடம் தானாகப் பங்கிடும் முகவரிகளின் எல்லைக்குள் இந்த எண் விழக் கூடாது. அது 2-இலிருந்தே பங்கிடுகிறது என்றால் 10-இலிருந்து தொடங்கும்படி மாற்றிவிடுங்கள். சேமித்ததும் பழையது ஒருமுறை அணைந்து எழும், இனி அதன் பக்கம் புது முகவரியில்தான் திறக்கும்.

கடைசியாக டிஹெச்சிபி சர்வரை நிறுத்துங்கள். கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை அது, ஒரு வீட்டில் அதை ஒரே ஒரு பெட்டிதான் செய்ய வேண்டும்.

இப்போது ஹால் மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து வரும் கேபிளைப் பழையதன் லேன் போர்ட்டில் குத்துங்கள். முடிந்தது. புது முகவரியை ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து யாருக்கும் அது நினைவிருக்காது.

உங்கள் ரவுட்டரின் மெனுவில் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்று தனியாகவே இருந்தால் இவ்வளவும் வேண்டாம். அதைத் தேர்ந்தெடுத்தால் டிஹெச்சிபி தானாக நின்றுவிடும்.

லேப்டாப் இல்லை, போனில் செய்ய முடியுமா?

முடியும். பழையதன் வைஃபையில் போனை இணைத்து அதே முகவரியைத் திறங்கள். மொபைல் டேட்டாவை மட்டும் அணைத்துவிடுங்கள். அந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் போன் டேட்டாவுக்குத் தாவிவிடும், செட்டிங் பக்கம் திறக்காது.

‘வான்’ என்று எழுதிய தனி நிற போர்ட் ஒன்று இருக்கிறதே, அதில் குத்தினால் என்ன?

நெட் வரும். ஆனால் மாடிக்குத் தனி நெட்வொர்க் ஒன்று உருவாகிவிடும். ஹாலில் உள்ள பிரிண்டரை மாடி லேப்டாப் பார்க்காது, போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப முடியாது, சில ஆன்லைன் விளையாட்டுகள் தகராறு செய்யும். ஆக்சஸ் பாயின்ட் மோட் உள்ள ரவுட்டர்களில் மட்டும் அந்தப் போர்ட்டைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

மாடிக்கும் கீழுக்கும் ஒரே வைஃபை பெயர் வைக்கலாமா?

பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றும் இரண்டிலும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், போன் தானே எது வலுவானதோ அதற்கு மாறிக்கொள்ளும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதுதான் வசதி. எந்தப் பெயர் எங்கே என்று அவர்கள் யோசிக்க வேண்டியதில்லை.

ஆனால் எப்போது மாறுவது என்பதைப் போன்தான் முடிவு செய்கிறது, ரவுட்டர் அல்ல. ஐபோன் சிக்னல் மைனஸ் 70 டெசிபெல்-மில்லிவாட்டுக்கு (சிக்னல் வலுவை அளக்கும் அலகு) கீழே போனால்தான் வேறு இடம் தேடத் தொடங்கும். அதுவரை ஹால் சிக்னலையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். இது தொல்லையாக இருந்தால், ஹால் மோடத்தின் வைஃபை பவரை ஒரு படி குறையுங்கள். மாடியில் அதன் பிடி தளர்ந்து, போன் பக்கத்தில் உள்ளதற்கு வந்துவிடும். ஒரே இடத்தில் நிற்கும் டிவி, டெஸ்க்டாப் போன்றவற்றுக்காக வேறு பெயர் வைப்பதிலும் தவறில்லை.

சேனல்?

சேனல் என்பது அலைவரிசையின் ஒரு உட்பிரிவு. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றன் மேல் ஒன்று ஏறாதவை. கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11. அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் 40 வைத்தால் அக்கம்பக்கத்து வீடுகளோடு மோதிக்கொண்டே இருக்கும்.

மாடியில் எவ்வளவு வேகம் எதிர்பார்க்கலாம்?

பல பழைய ரவுட்டர்களின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை. நீங்கள் 300 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருந்தாலும் அந்த வழியாக 94-க்கு மேல் வராது. வைஃபையில் இன்னும் குறையும். என்300 ரவுட்டரின் அட்டைப்பெட்டியில் போட்ட 300 என்பது 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கான கணக்கு, 20-இல் அது 144 ஆகிவிடும், அதிலும் கையில் கிடைப்பது பாதி அளவுதான். குறைவாகத் தோன்றலாம். ஆனால் முழு ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்று நெட்ஃபிளிக்ஸே சொல்கிறது. பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கும் அலுவலக மீட்டிங்குக்கும் இது தாராளம்.

வாடகை வீடு, கேபிள் இழுக்க வழியே இல்லை. என்ன செய்வது?

அப்போது ரிப்பீட்டர்தான். மெனுவில் ரிப்பீட்டர், ரேஞ்ச் எக்ஸ்டெண்டர், டபிள்யூடிஎஸ் (ரவுட்டர்களைக் கம்பியில்லாமல் இணைக்கும் முறை) என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பல பழைய மோடங்களில் இருக்காது. டபிள்யூடிஎஸ் இருந்தாலும் இரண்டு பெட்டியும் ஒரே கம்பெனியாக இருந்தால்தான் நம்பிக்கையாக ஓடும்.

வைக்கும் இடம் முக்கியம். சிக்னல் இல்லாத அறையிலேயே வைப்பதில் பயன் இல்லை, அங்கே அதற்கும் சிக்னல் கிடைக்காது. ஹாலுக்கும் அந்த அறைக்கும் நடுவில், படிக்கட்டுத் திருப்பம் போன்ற இடத்தில், போன் பாதிக்கு மேல் கோடு காட்டும் இடமாகப் பார்த்து வையுங்கள். இரண்டு அலைவரிசையும் உள்ள ரவுட்டர் என்றால், ஹாலோடு பேச 5, போன்களோடு பேச 2.4 என்று பிரித்தால் வேகம் பாதியாகும் பிரச்சினை பெருமளவு குறையும்.

பழைய பெட்டி, அப்டேட்டும் வராது. பாதுகாப்பா?

ஹால் மோடத்துக்குப் பின்னால், ஆக்சஸ் பாயின்ட்டாக மட்டும் இருக்கும்வரை வெளியுலகம் அதை நேரடியாகத் தொட முடியாது. அதையே இணையத்தோடு நேராக இணைப்பதுதான் ஆபத்து. 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் பல நாடுகளில் லட்சக்கணக்கான ரவுட்டர்களில் புகுந்து, எல்லோரும் ரவுட்டரை ரீபூட் செய்யுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போனது. ஆகவே அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், பட்டனை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள், வெளியிலிருந்து செட்டிங்கை மாற்ற விடும் ரிமோட் மேனேஜ்மென்ட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். டபிள்யூஇபி என்ற பழைய பாதுகாப்பு வகை மட்டுமே உள்ள பெட்டி என்றால் வேண்டவே வேண்டாம், அந்தப் பூட்டு 2001-இலேயே உடைந்துவிட்டது.

கொஞ்சம் கை வைக்கத் தெரிந்தவர்கள் ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டுப் பார்க்கலாம். 2004-இல் லிங்க்சிஸ் ரவுட்டர் ஒன்றை வைத்துத் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் அது, இன்றும் அப்டேட் வருகிறது. 8 எம்பி ஃபிளாஷும் 64 எம்பி நினைவகமும் குறைந்தபட்சம் வேண்டும். ஏற்றும்போது கரண்ட் போனால் பெட்டி எழாமலே போகலாம், யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள்.

கரண்ட் செலவு?

5 வாட் எடுக்கும் பெட்டி இரவு பகலாக ஓடினால் இரண்டு மாத பில்லில் சுமார் 7 யூனிட். அடாப்டர் தொலைந்திருந்தால், லேபிளில் உள்ள அதே வோல்ட், அதே அளவோ கூடுதலோ ஆம்பியர், அதே பிளஸ் மைனஸ் குறி உள்ளதை வாங்குங்கள். 9 வோல்ட் பெட்டியில் 12 வோல்ட்டைச் செருகினால் புகைந்துவிடும்.

பக்கத்து மனையில் உள்ள இன்னொரு கட்டடத்துக்குக் கேபிள் இழுக்கலாமா?

செம்புக் கேபிளை வெளியில் இழுத்துக் கட்டுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். கோடை இடியிலும், ஐப்பசி கார்த்திகை மழையிலும் பக்கத்தில் எங்கோ விழும் மின்னல்கூட அந்தக் கேபிளில் அதிக மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும், இரண்டு முனையிலும் உள்ளவை ஒரே நொடியில் போய்விடும். கட்டடத்திலிருந்து கட்டடத்துக்கு ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் ஒளியை மின் சிக்னலாக மாற்றும் மீடியா கன்வர்ட்டர் வைப்பதே பாதுகாப்பு. ஃபைபரில் மின்சாரம் பாயாது. உள்ளே இரும்புக் கம்பி ஓடாத வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

எல்லாம் செய்தும் சரியாக வரவில்லை. எங்கே பார்ப்பது?

சில கருவிகளுக்கு நெட் வந்து சிலவற்றுக்கு வரவில்லை என்றால், பழையதில் டிஹெச்சிபி இன்னும் ஓடுகிறது. லேப்டாப்பின் முகவரி 169.254 என்று தொடங்கினால் கேபிளோ கிரிம்ப்போ சரியில்லை, ஹால் மோடத்தை அது எட்டவே இல்லை. திடீரென்று வீடு முழுக்க நெட் நின்று, லேன் விளக்குகள் எல்லாம் ஒரே சீராகப் படபடவென்று மின்னினால், யாரோ இரண்டு பெட்டிகளுக்கும் இடையில் இரண்டாவது கேபிளைக் குத்தியிருக்கிறார்கள். ஒன்றைப் பிடுங்கினால் சரியாகிவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டி அடிக்கடி தானே அணைந்து எழுகிறது என்றால் முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள், பெட்டிக்கு முன்னால் அதுதான் தளரும்.